ஒற்றை ஆள் பட்டாளம்

"ஒரு வாரம் முழுக்க அந்தப் பாராசூட் பட்டாளமே நான்தான். கர்னலும் நான், எக்காளக்காரனும் நான், கிழங்கு உரிச்சவனும் நான்."

படுக்கையில் கிடந்த கிழவர் எலோயின் கன்னம் சோப்பு நுரையாக இருந்தது. "வாயை ஆட்டாதீங்கப்பா, கத்தி பட்டுடும்" என்றாள், மழித்துக்கொண்டிருந்த மகள் ஒதில். ஒரு வாய் தண்ணீர் இறங்க மறுக்கிற நிலையிலும், பெருமை மட்டும் அவருக்குத் தடையில்லாமல் மேலே ஏறி வரும்.

ஊரறிந்த கதை. அல்ஜீரியாவில் பிரெஞ்சுத் தளபதிகள் கலகம் செய்து தோற்ற வருஷம், பாரிஸ் அரசு ஒரே கையெழுத்தில், அவர்களோடு சேர்ந்த பட்டாளத்தைக் கலைத்தது. மலையடிவாரப் பாசறையிலிருந்து லாரிகள் ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. வாத்து திருடிக் காவலறையில் கிடந்த எலோயை மட்டும் மறந்துவிட்டார்கள். கதவை உடைத்து வெளியே வந்தால், பட்டாளக் கொடி அநாதையாக நிற்கிறது! கொடி நிற்கும்வரை பட்டாளமும் நிற்கும் என்பது விதி. ஆகவே பட்டாளத்தை அவரே நடத்தினார். எக்காளம் ஊதிவிட்டு ஓடிப்போய் முதல் கம்பெனியாக நின்றார். நகர்ந்து இரண்டாவது, மூன்றாவது, மூச்சிரைக்க நாலாவது. பிறகு கர்னலாக வந்து, சட்டைப் பொத்தான் போடவில்லை என்று நாலாவது கம்பெனியைத் திட்டினார். பயிற்சிக் கோபுரத்தின் உச்சியில், குதிக்கத் தயங்கியவரும் அவரே, "போடா!" என்று பின்னாலிருந்து தள்ளியவரும் அவரே. சூப் சரியில்லை என்று கலகம் செய்து, தானே அடக்கி, தன்னையே மன்னித்தார்.

"எல்லாம் சரி, கொடி எப்படிப்பா அங்க நின்னுது? மர்சியால் மாமாதானே அதை லாரியில கொண்டுபோனாரு?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எலோயிடம் என்றைக்கும் பதில் இருந்ததில்லை. யானையை வானத்தில் பறக்கவிடுகிறவர், இந்த இடம் வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒயினை ஊற்றுவார். ஊரும் "புளுகன்" என்று சிரித்துவிட்டுப் போகும். அன்று ஒயினும் இறங்காது. பேச்சை மாற்றிக் கேட்டார்:

"என்னைப் புதைக்கிறப்ப உன் மாமன் எனக்குச் சங்கக் கொடியைத் தாழ்த்துவானா?"

"தாழ்த்துவாரு."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

மறு கன்னம் பாதியில் இருக்கும்போதே அவர் போய்விட்டார். ஒதிலுக்குத் தெரிந்தது. கத்தியை நிறுத்தவில்லை. காதோரம் வரை மழித்து, வெந்நீர்த் துணியால் துடைத்த பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் சிவப்புத் தொப்பிக் கிழவர்கள் வரிசையாக நின்றார்கள். முன்னாள் வீரர் சங்கத்தின் கொடி, தோல் உறைக்குள், மர்சியாலின் கையில் இருந்தது. பட்டாளக் கொடியைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மனிதர் என்று ஜூலை மாதத் தேசிய நாள் ஊர்வலத்தில் அவரைத்தான் முதல் ஆளாக நடக்கவிடுவார்கள். செத்தவர் தன் சொந்தத் தங்கை புருஷன். ஆனாலும் உறையின் வாரைக்கூட அவர் அவிழ்க்கவில்லை.

"கொடியைப் பத்திப் பொய் சொன்னவனுக்குக் கொடி குனியாது."

"பொய் சொன்னவனுக்குக் குனியாதுன்னா நம்ம யாருக்குமே குனியாதுப்பா" என்றார் பக்கத்தில் நின்ற தெயோ. "நான் கரடியோட சேர்ந்து குதிச்சேன்னு முப்பது வருஷமா சொல்றேன்."

"கரடி வேற, கொடி வேற."

பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டு, முடிக்காதவர்போல் புத்தகத்தைப் புரட்டினார். குழிக்குமேல் கயிற்றில் தொங்கிய பெட்டியைப் பிடித்திருந்தவர்களின் கையில் கயிறு வழுக்க ஆரம்பித்தது. மலைப்பக்கம் மழை இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் பெட்டி இறங்கிவிடும். ஒதில் குழியைச் சுற்றிக்கொண்டு மாமாவிடம் போனாள்.

"குடுங்க மாமா. நானே தாழ்த்துறேன்."

"விடும்மா."

இருவர் கையும் உறையின்மேல். ஒதில் இழுத்தாள், தூக்க முடியவில்லை. எதையாவது பேசி, அவர் கொடியோடு விலகிப் போகாமல் நிறுத்திவைத்தால் போதும் என்றிருந்தது.

"அம்மாடி, என்ன கனம்! சங்கத்துக் கொடியே இப்படின்னா, தங்க ஜரிகை போட்ட பட்டாளக் கொடி என்னா கனம் கனத்திருக்கும்? லாரியில மடியிலயா வச்சிருந்தீங்க?"

"மடியிலதான்."

"கால் மரத்துப் போயிருக்குமே?"

மர்சியால் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கயிறு முனகியது. தெயோ இருமலை விழுங்கினார்.

"உங்கப்பன் ஏதாச்சும் சொன்னானா?" மர்சியாலின் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"எதை? கொடி எப்படி அங்க நின்னுதுன்னு கேட்டா மட்டும் வாயே திறக்கமாட்டாரே."

"என் தங்கச்சிகிட்ட?"

"அம்மாவும் கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோனாங்க."

மர்சியாலின் பிடி தளர்ந்தது. வாரை அவிழ்த்தார். உறையை உருவிக் கீழே போட்டுவிட்டுக் கொடியைச் சாய்த்தார். துணி விளிம்பு பெட்டிமேல் படும்வரை சாய்த்தார். மழை வந்து துணியை நனைத்தது. நிமிர்த்தவில்லை.

"மடியில கனமே இல்லை" என்றார், இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி. "முதல் திருப்பத்துலயே தெரிஞ்சுபோச்சு, அவசரத்துல உறையை மாத்தி எடுத்துட்டேன்னு. உள்ள இருந்தது கேன்டீன் குடை. ஊர்ல எல்லாருக்கும் மடியில கனமிருந்தா வழியில பயம். எனக்குக் கனமில்லாமப் பயம்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் கழிச்சு, யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வரலாம்னு பாசறைக்குப் போனேன். வாசல்ல இவன் துப்பாக்கியை நீட்டினான். 'கர்னல் உத்தரவு இல்லாம உள்ள விடமாட்டேன்'னான். 'எந்தக் கர்னல்டா?'ன்னேன். 'இருங்க, கேட்டுட்டு வரேன்'னு உள்ள ஓடினான். தொப்பியைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு கர்னலா நடந்து வந்தான். கொடியை என் கையில குடுத்தான். அப்புறம் திரும்பி, காலி மைதானத்தைப் பார்த்து, 'பட்டாளம் கலையலாம்'னு கத்தினான்." மர்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கலைஞ்சும் போனான். நான் பார்த்தேன்."