கிளிச்சட்டை

மகன் அப்பாவின் சட்டையில் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவள் குனிந்து, கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

கட்டிலில் கிடத்தியிருந்த புருஷனின் உடலுக்கு மகன் பீரோவிலிருந்து எடுத்து மாட்டியிருந்தது பழைய வெள்ளைச் சட்டை. முப்பது வருஷம் வரைபட அலுவலகத்துக்கு அந்த மனிதர் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, சட்டையை உள்ளே செருகி, இப்படித்தான் போய் வந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவர். பசிக்கிறதா என்று கேட்டால் தலையை அசைப்பார். அது ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிப்பது அவள் பாடு.

பிறகு ஒருநாள் பல்பு மாட்ட ஏணியில் ஏறி விழுந்தார். நெற்றியில் பலமான அடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு, "ஏய் அழகி, இங்க சமைக்கறவனை யாராவது பிடிச்சு உள்ள போடுங்க." அதற்கப்புறம் அந்த வாய் மூடவே இல்லை. பேருந்தில் உரக்கப் பாடினார். விருந்துக்குப் போன வீட்டில் பக்கத்துத் தட்டில் கை வைத்தார். துக்க வீட்டில் சிரித்தார். அவள் பல தடவை கூனிக்குறுகி நின்றிருக்கிறாள். ஒருமுறை கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே யாரும் வம்புக்கு இழுக்கவில்லை, பாடவில்லை. சாயங்காலமே திரும்பிவிட்டாள்.

கிளிச்சட்டை வாங்கியது அந்தக் காலத்தில்தான். மஞ்சள் துணி முழுக்கப் பச்சைக் கிளிகள். செத்தாலும் இதைக் கழற்றமாட்டேன் என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தார்.

மகன் கல்லூரியில் உளவியல் நடத்துகிறான். அப்பா அவனுக்கு வைத்த பெயர் மண்டை வாத்தியார். அதை அவனுடைய மாணவர்கள் முன்னாலேயே கூப்பிட்டார்; அதிலிருந்து அவன் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைதான் மனிதனுக்குக் கடிவாளம், அதில் அடிபட்டால் ஆளே மாறிவிடுவான் என்று ஸ்கேன் படத்தை வைத்து அப்போதே விளக்கியிருந்தான். இப்போதும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவ்வளவும் காயம் பேசின பேச்சும்மா. அப்பா ஏணியிலேருந்து விழுந்த அன்னிக்கே போயிட்டாரு."

"அப்போ இத்தனை நாள் நான் யார்கூடடா குடும்பம் நடத்தினேன்?"

கதவோரம் நின்ற நாத்தனார், வெளியே அலுவலகத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தாள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகன் வெள்ளைச் சட்டையின் காலரைப் பிடித்துக்கொண்டான். "என்னைக் கையைப் பிடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவரை நான் அனுப்பி வைக்கணும்மா. இந்தக் கோமாளியை இல்ல."

கோமாளி என்றது அவளைச் சுட்டது. ஆனால் பிள்ளையின் கண் நிறைந்திருந்ததையும் பார்த்தாள். விட்டுக்கொடுத்தே பழகிய கை கொஞ்சம் தயங்கியது. பிறகு வெள்ளைச் சட்டையை உருவி அவனிடம் கொடுத்து, பீரோவிலிருந்த கிளிச்சட்டையையும் எடுத்து அதன் மேலேயே போட்டாள்.

"இடது பக்கம், கீழ ஓரத்தைப் பாரு. ரெண்டுலயும் பாரு."

இரண்டிலும் ஒரே இடத்தில் துணி நைந்து நூல் பிரிந்திருந்தது.

"தினமும் காலையில என் மூக்குக்கண்ணாடியைத் துடைச்ச இடம். முன்னாடி வாயே திறக்காம துடைச்சாரு. அப்புறம் என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே துடைச்சாரு. நீ படிச்சது பொய்னு சொல்லலடா. குணம் மாறுச்சு, ஒத்துக்கறேன். ஆள் எங்க மாறினாரு?"

அவன் அந்த ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

"வெள்ளையை நீ வெச்சுக்கோ. அவரு இதுலதான் போவாரு," என்றாள்.

தோளைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தது மகன்தான். பொத்தான்களையும் அவனே போட்டான். கழுத்துப் பொத்தானுக்குப் போன கை, அதைப் போடாமல் திரும்பியது. சட்டையை உள்ளே செருகப் போனவனை அவள் தடுத்தாள். "வெளியிலேயே கிடக்கட்டும்."

வண்டி வந்துவிட்டது என்று நாத்தனார் சொன்னாள்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நேற்றிலிருந்து அதை யாரும் துடைக்கவில்லை. குனிந்து, கிளிச்சட்டையின் இடது ஓரத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் துடைத்தாள். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, "வரச் சொல்லுங்க," என்றாள்.