எட்டுச் சுற்று டேப்

பிளம்பரின் கை சும்மா இருக்காது. மூடி போட்ட எதைப் பார்த்தாலும், ஒழுகுமோ என்று ஒருமுறை திருகிப் பார்த்துவிட வேண்டும். பள்ளி ராக்கெட் போட்டிக்காக மகள் தண்ணீர் நிரப்பி அடைத்து வைத்திருந்த பாட்டில் ராக்கெட்டையும் அன்று காலை அப்படித்தான் எடுத்தார். வாயில் ஒரு தக்கை, தக்கை நடுவே சைக்கிள் டியூப் வால்வு. அமுக்கினால் கசிந்தது. அட, என் வீட்டிலிருந்து ஒழுகுகிற சாமான் போவதா!

"பெரியவங்க கை பட்டா போட்டியிலேருந்தே தூக்கிடுவாங்க, தொடாதீங்கப்பா" என்று அவள் பத்து முறை சொல்லியிருந்தாள். அவள் தலைவாரப் போன நேரத்தில், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைத் தக்கையில் எட்டுச் சுற்று சுற்றி, உள்ளே அழுத்தித் திருகிவிட்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

பள்ளி மைதானத்தில் அப்பா ஓரமாக நின்று பார்க்க, பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி மகள் பம்ப் அடித்தாள். காற்று குமிழ் குமிழாய்த் தண்ணீரைத் தாண்டி மேலே போய் அடைபட்டது. இடம் போதாமல் அது தக்கையைத் தள்ள வேண்டும், தண்ணீர் கீழே பீறிட வேண்டும், பாட்டில் மேலே பாய வேண்டும். மற்றப் பிள்ளைகளுடையது பம்பின் அழுத்த முள் முப்பது பவுண்டைத் தொட்டதுமே பறந்துவிட்டது. இவளுடையது ஐம்பதிலும் அசையவில்லை.

"தண்ணி கூடிப்போச்சோ? எங்க தப்பு பண்ணேன்?" என்று முனகிக்கொண்டே அவள் எழுபது வரை அடித்தாள். எட்டுச் சுற்று டேப் தக்கையை விடாது என்று பிளம்பருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் மூன்று மாத உழைப்பு போச்சு. திறக்காவிட்டால் பாட்டில் அவள் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

"நிறுத்தும்மா! தள்ளி வா! நான்தான் டேப் சுத்தினேன்!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, எல்லோரையும் விலக்கிவிட்டு, மைதானத்து ஓரம் கிடந்த நீளமான பைப்பால் தக்கையை எட்டித் தட்டினார். சடாரென்று தண்ணீர் பீய்ச்ச, பாட்டில் பள்ளிக்கூட மாடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போயே போய்விட்டது. அன்று வேறெதுவும் அதில் பாதி உயரம்கூடப் போகவில்லை.

"கணக்குல சேராது" என்று டீச்சர் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

மகள் அழுதாள். அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தன சுத்து?"

"எட்டு."

"நாலு சுத்தினா தானாவே கழண்டுக்குமா?"

"தெரியலையேம்மா."

"நாளைக்குப் பாப்போம்" என்று மூக்கை உறிஞ்சினாள். "சுத்துறது நான். நீங்க பம்ப் மட்டும் அடிங்க."