அந்தோணியாருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது

எங்கள் கோயில் சப்பரத்தை என் ஜீப்தான் இழுக்கும். எங்கள் ஊர் ஜெகதளா பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், செல்லதுரைக்கு வாய் நீளம் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தோணியார் திருநாளுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் திட்டிக்கொண்டேதான் போவேன்.

சப்பரம் என்றால் வேறொன்றும் இல்லை, எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய பழைய டிரெய்லர். ரெண்டே சக்கரம், ஒரே அச்சு. அதன் மேல் பலகை அடித்து, அந்தோணியார் சுரூபத்தை வைத்து, பூவும் சீரியல் லைட்டும் கட்டினால் சப்பரம். இத்தனை வருஷமும் ஒரு வம்பும் இல்லாமல் என் பின்னால் வந்தது. இந்த வருஷம் பிரசாத் திருவிழா கமிட்டிச் செயலாளரானான். பாடகர் குழு நடந்துகொண்டே பாடினால் மூச்சு வாங்குகிறது, அவர்களைச் சப்பரத்திலேயே உட்கார வைக்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. வெல்டர் வேலுசாமியைக் கூப்பிட்டு, டிரெய்லரின் பின்பக்கத்தை இரும்பு ஆங்கிள் வைத்து ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிவிட்டான். அச்சு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

திருநாளுக்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பிரசாத்து, பின்னாடி நீட்டுனா அச்சையும் பின்னாடி தள்ளோணும். இல்லீனா பாரம் பூரா வாலுல நிக்கும்” என்றேன்.

“அச்ச நகத்தோணும்னா ஸ்பிரிங்கெல்லாம் கழட்டோணுங்ண்ணா. நாளைக்குத் திருநாள வெச்சுட்டு எப்புடிங்க?” என்றான் வேலுசாமி.

“அப்ப லைட்டுக்கு வெச்ச ஜெனரேட்டரையாச்சும் முன்னாடி வையுங்க.”

இருவரும் கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பவனியில் அந்தோணியாருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, பூவைத் தவிர எதையும் வைக்கக் கூடாது. ஃபாதர்கூடப் பக்கவாட்டில்தான் நடப்பார்.

“அவரு மூஞ்சியில டீசல் பொகைய அடிக்கச் சொல்றீங்களாங்ண்ணா?” என்றான் பிரசாத்.

“அப்ப என் ஜீப்பு எங்க நிக்குது? அவருக்குப் பின்னாடியா?”

“அது வண்டிங்ண்ணா. அது வேற.”

தலையில் அடித்துக்கொண்டேன்.

இதில் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ரெண்டு சக்கர டிரெய்லர் என்பது பார்க்கில் இருக்கும் சீசா பலகை மாதிரி. முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் ஜீப்பின் கொக்கியை அது கீழே அமுக்கும், ஜீப்பின் பின்சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் கனத்தால் கொக்கியை மேலே தூக்கும். கொக்கியோடு ஜீப்பின் பின்பக்கமும் எழும்பும். என் ஜீப்பில் இழுப்பது பின்சக்கரம்தான். ஹேண்ட்பிரேக் பிடிப்பதும் அதைத்தான். மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும். அதற்கப்புறம் ஓட்டுகிறவன் கையில் ஒன்றும் இல்லை.

மற்ற வருஷமாக இருந்தால் எப்படியோ போங்கள் என்று விட்டிருப்பேன். இந்த வருஷம் ஜெஸிந்தா, என் மனைவி, ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். எங்கள் மகள் எல்சா போன வருஷம் ரத்தத்தில் கோளாறு என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாளா என்றிருந்து, பிழைத்து வந்தவள். இப்போது அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் பிழைத்தால் மேட்டடியில் சிலுவை நட்ட குருசடியிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் சப்பரத்துக்குப் பின்னால் முழங்காலிலேயே வருகிறேன் என்று ஜெஸிந்தா வேண்டிக்கொண்டிருந்தாள். குருசடியிலிருந்து கோயில் வரைக்கும் ஒரே மேடு. முழங்காலில் வருகிறவளால் எழுந்து ஓட முடியுமா?

அன்று மாலையே ரெண்டு மணல் மூட்டையை டிரெய்லரின் முன்பக்கம் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பவனிக்குப் போய்ப் பார்த்தால் மூட்டையைக் காணோம், அந்த இடத்தில் ஹைட்ரேஞ்சியா பூ. அவர் காலடியில் சாக்கு மூட்டையா என்று மாதா சபைப் பெண்கள் அவிழ்த்து எங்கேயோ போட்டுவிட்டார்களாம். பின்னால் ஜெனரேட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர், பாடகர் குழு. தூறல் விழுகிறது என்று குடையோடு இன்னும் சிலர் தொற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்குங்கள் என்றேன். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஜார் வழியாகச் சுற்றி வந்தோம். ஸ்டியரிங் மட்டும் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் அமுங்கும், வேறென்ன? குருசடியில் நிறுத்தினேன். ஜெஸிந்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சப்பரத்துக்குப் பின்னால் முழந்தாளிடுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டியை நகர்த்தியதும் கண்ணாடி முழுக்கப் பூந்தோரணம் வந்து அடைத்துக்கொண்டது.

மேட்டில் கொஞ்ச தூரம் ஏறியிருப்பேன். பின்சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. சக்கரம் மட்டும் சுற்றுகிறது. பிரேக்கை அமுக்கினேன். நின்ற மாதிரி நின்று, மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். எழும்பி நிற்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன பிரயோஜனம்? முன்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டே போனது. நான் ரெண்டு காலையும் பிரேக்கில் வைத்து ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். ஹாரனை அமுக்கினேன், விடாமல் அமுக்கினேன். சந்தோஷத்தில் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பேண்டுக்காரர்கள் இன்னும் வேகமாக வாசித்தார்கள், யாரோ சரவெடியைப் பற்ற வைத்தார்கள். ஜெஸிந்தா, எந்திரி, எந்திரி என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பின்னால் அலறல் கேட்டது. பிறகு ஒரு குலுக்கல், வண்டி நின்றுவிட்டது.

எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. மேட்டின் அடியில் ரோடு சமமாகிற இடத்தில், நீட்டி வைத்த இரும்பு ஆங்கிள் தாரில் குத்தி நின்றிருந்தது. கூட்டம் ரெண்டு பக்கமும் சிதறிப்போயிருந்தது. நடுவில் ஜெஸிந்தா மட்டும் முழங்காலில் இருந்தாள். கண் மூடியிருந்தது. டிரெய்லரின் பலகை அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் பூ ஒட்டியிருந்தது, கீறல்கூட இல்லை.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள்.

“அவரே எங்கிட்ட எறங்கி வந்தாருங்க” என்றாள்.

அவ்வளவுதான். மாதா சபைப் பெண்கள் அழுதார்கள். புதுமை, அற்புதம் என்ற பேச்சு மேடு முழுக்கப் பரவிவிட்டது. நான் ஆங்கிளைக் காட்டுகிறேன், தார் பெயர்ந்திருப்பதைக் காட்டுகிறேன், ஒருவராவது குனிந்து பார்க்க வேண்டுமே. பிரசாத்தின் சட்டையைப் பிடித்து, ஜெனரேட்டரை இறக்குடா என்றேன். அவன் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“இப்ப அதத் தொடலாமாங்ண்ணா? எது எங்க இருந்துச்சோ அது அங்கயே இருக்கட்டுங்ண்ணா.”

பாடகர் குழுவை இறங்கச் சொன்னேன். இறங்கவில்லை, அழுதுகொண்டே பாடினார்கள். நாலு பேர் ஜீப்பில் பின் சீட்டில் ஏறுங்கள், அந்தக் கனம் போதும் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன், யாரிடமும் கெஞ்சாதவன். அந்தோணியாருக்கு முன்னால் உட்கார்ந்து போவதா, அதுவும் இன்றைக்கா என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபாதரிடம் போனேன்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க ஃபாதர்.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஜனங்க விசுவாசத்துல நிக்கறாங்க, செல்லதுரை. மெதுவா போங்க.”

நான் ஓட்ட மாட்டேன் என்று சாவியை உருவிக்கொண்டேன். உடனே எஸ்டேட்டில் லாரி ஓட்டும் ஷிஜோ கையை நீட்டினான். “குடுங்ண்ணா. ஒரே அமுக்கா அமுக்குனா மேல போயிரும்.” ஒரே அமுக்காக அமுக்கினால் பின்சக்கரம் வெறுமனே சுற்றி வண்டி மறுபடியும் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். சாவியைக் கொடுக்கவில்லை.

திரும்ப ஜெஸிந்தாவிடம் வந்து அவள் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன்.

“ஜெஸி, எந்திரி கண்ணு. நடந்து வா. மறுபடியும் வழுக்குச்சுன்னா என்னால புடிக்க முடியாது. சத்தியமா முடியாது.”

“பாதியில எந்திரிச்சா எல்சாவுக்கு என்னாகுமோன்னு பயமா இருக்குதுங்க.”

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளோடு நானும்தானே உட்கார்ந்திருந்தேன்.

“நீங்கதான ஓட்டறீங்க, எனக்கென்ன பயம். போங்க, எல்லாரும் நனையறாங்க” என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். ஜெஸிந்தா இப்போது தனியாக இல்லை. அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் வரிசையாக முழந்தாளிட்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை.

ஓரச் சாக்கடையிலிருந்து கையாலேயே மண்ணை அள்ளி, மேடு முழுக்கச் சக்கரம் போகும் தடத்தில் தூவினேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை, நான் ஏதோ நேர்ச்சை செய்வதாக நினைத்தார்களோ என்னவோ. பிறகு ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டேன். எப்படி ஏறியது என்று கேட்டால் தெரியாது. ரெண்டு இடத்தில் பின்சக்கரம் சுற்றியது. ரெண்டு இடத்திலும் என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கடைசியில் இறங்கிப் போனபோது, ஜெஸிந்தாவை ரெண்டு பெண்கள் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சேலையில் ரத்தம் ஊறியிருந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“ஏனுங்க, உசுரு இருக்கற வரைக்கும் வருசா வருசம் இப்புடியே வர்றதா நேந்துக்கிட்டேனுங்க” என்றாள்.

அவள் முழங்காலைக் கழுவ எங்கேயாவது தண்ணீர் கிடைக்குமா என்று தேடிப் போனேன்.