ஒரு கூடை அடிமண்

தனகோட்டியின் நாடி அவர் கையில் நின்றுபோய், வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மல்லாட்டைச் செடிகளின் வேரில் அடிக்கத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்தில். அந்த வருஷம் முந்திரிக்கொட்டை விலை சரிந்திருந்தது. வடலூரில் தக்காளியைக் கேட்பாரில்லை. அவர் மனைவி பிரபாவதி முதலில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு மண்ணில் கையை வைத்துப் பார்த்தாள், பிறகு போய் உலை வைத்தாள்.

எல்லாம் ஒரு கூடை மண்ணால் வந்தது. வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் அந்தப் பக்கத்தில், புது நிலத்துக்குப் போகிறவர்கள் பழைய நிலத்து மண்ணை ஒரு கூடை கொண்டுபோய் விதையோடு தூவுவார்கள். அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவை வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறி, செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு காற்றிலிருந்து உரம் செய்து கொடுக்கும். முடிச்சு விழாத செடி வெளுத்துப் போகும். தனகோட்டியின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், மாற்றுக் குடியிருப்பில் மனை கிடைத்தபோது அவருக்குக் கான்ட்ராக்ட் வேலையில் ஓயாத ஷிப்ட். அவர் கூடையோடு போய் நின்ற நாளில் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். எத்தனையோ பனை ஆழத்தில், நிலக்கரியை ஒட்டியிருந்த கருமண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். "நம்ம நெலத்துக்கு அடியில இருக்கறதும் நம்ம நெலந்தான?" என்றார். பிரபாவதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த மண்ணின் உயிர்கள், காடு கரியாகிப்போன நாளிலிருந்து ஒரு வேரையும் பார்த்ததில்லை. கொடுக்கல் வாங்கலை மறந்திருந்தன. முதல் பட்டத்தில் செடிகளை வேரோடு தின்று தீர்த்தன. அடுத்த வருஷம் பாதியில் நிறுத்தின. மூன்றாம் வருஷம், தின்றுவிட்டால் தங்க இடமில்லை என்று கண்டுகொண்டு கொஞ்சம் திருப்பிக் கொடுத்தன. கோடிக்கணக்கான வருஷங்களில் நடந்த உடன்படிக்கை அந்த மனையில் சில பட்டங்களுக்குள் திரும்பவும் நடந்தது. அத்தனை வருஷமும் செருப்பில்லாமல் களையெடுத்தவர் தனகோட்டி. அவர் கால்விரல் இடுக்குகளில் கடுகு கடுகாக முடிச்சுகள் வந்தன. முதலில் காய்ச்சல், பிறகு இளைப்பு, பிறகு பசியே இல்லை. வெயிலில் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றானது. நாடி இடம் மாறியது அதற்குப் பிறகுதான். டாக்டர் ஒரு முடிச்சை அறுத்துப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பு. பிரபாவதி வீட்டுக்கு வந்து செடியின் முடிச்சை நகத்தால் கிள்ளினாள். அதே சிவப்பு.

ஒருநாள் ஆத்திரத்தில் செடிகளைப் பிடுங்கினாள். கட்டிலில் தனகோட்டி மூச்சுக்குத் தவித்தார். ஓடிப்போய் இரண்டு கையாலும் வேர்களை மண்ணுக்குள் திணித்து, தண்ணீர் ஊற்றி, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மூச்சு வந்தது. அதன்பின் அவள் அறுவடை செய்யவில்லை. காய்கள் மண்ணிலேயே முளைத்து, செடிக்குமேல் செடியாக வந்துகொண்டிருந்தன.

தெருவில் வேறு யார் மனையிலும் முடிச்சு விழவில்லை. அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் கூடையோடு வந்தாள். "ஒரு கூட மண்ணு குடு அக்கா. எங்க செடிங்க காமால வந்தாப்ல நிக்கிது." மண் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. கொடுத்தாள். அன்று தனகோட்டி எழுந்து உட்கார்ந்தபோது கட்டில் கிறீச்சிடவில்லை. பிறகு தெருவே வந்தது. கூடை கூடையாக மண் போகப்போக அவர் எடை குறைந்தது. ஃபேன் போட்டால் போர்வையின் மூலைகளில் செங்கல் வைக்க வேண்டியிருந்தது.

"ஏங்க, வரவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துகினே இருந்தா உங்களுக்குன்னு என்னா மிச்சம்?"

"ஊரே போயிட்டுது. மண்ணையுமா இல்லன்னு சொல்லச் சொல்ற? நான் தேஞ்சிகினே போனா உனக்குத் துணி தோய்க்கற வேல மிச்சம்."

"தோய்க்கறதுக்குத் துணி கட்டற ஆளு வேணுமே," என்றாள். அவர் சிரித்தார். சிரித்ததில் கட்டிலிலிருந்து சற்று மேலே எழும்பி இறங்கினார்.

ஒரு தை மாதத்தில் கட்டிலில் வேட்டி மட்டும் இருந்தது. தெருக்காரர்கள் மூங்கில் கொண்டுவந்து பாடை கட்டிவிட்டு, எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

சில வருஷங்களில் சுரங்கம் அந்தக் குடியிருப்புக்கும் வந்தது. பேச்சியம்மாள் முத்தாண்டிக்குப்பத்துக்குப் போனாள், மற்றவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். எல்லார் தலையிலும் ஒரு கூடை. பிரபாவதி வாசலில் நின்று ஒவ்வொரு கூடையும் தெருமுனை திரும்புவதைப் பார்த்தாள். கொடுத்த மண்ணைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் அந்தப் பக்கத்தில் கிடையாது. தனக்கு மிஞ்சிய ஒரு கூடையோடு வடலூரில் குள்ளஞ்சாவடி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

கண்டக்டர் மகளிருக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் மடியிலிருந்த கூடையைப் பார்த்து, லக்கேஜ் என்று சொல்ல வாயெடுத்து, மண்ணின்மேல் உள்ளங்கையை வைத்தார். நாடி பார்ப்பவரைப் போல அப்படியே வைத்திருந்தார்.

"ஆம்பளைங்களுக்கு ஃப்ரீ கெடையாதும்மா," என்றார்.

அவள் காசை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவள் நகர்ந்து, சன்னலோரத்தைக் கூடைக்கு விட்டாள்.