தூணை எடுக்க ஏலாது

கல்முனைப் பக்கத்தில் ஒரு புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினால், இது யார் வீடு என்று யாரும் கேட்பதில்லை. யாருடைய மகளுக்கு என்றுதான் கேட்பார்கள். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். அதனால் இங்கே பெண் பிறந்த கையோடு தொட்டில் வாங்க மறக்கிற தகப்பன்கூட சீமெந்து விலையை விசாரிக்க மறக்க மாட்டான். இன்ஷிராவுக்குப் பதினாறு வயது. இதெல்லாம் அவளுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நேரம் பார்த்து அவளுக்கு அது மறந்துபோனதால் வந்ததுதான் இத்தனை கூத்தும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் ஃபோனும் கையுமாகக் கிடந்த பிள்ளைகளைப் பிடித்து, பாடசாலையின் பழைய மாணவியர் சங்கம் ஒரு காரியம் செய்தது. அதற்கு ‘தொழிலைத் தொட்டுப் பார்’ என்று பெயர். ஒவ்வொரு பிள்ளையும் விரும்பிய தொழில் நடக்கிற இடத்தில் இரண்டு கிழமை, பதினாலு நாள், நின்று, கையால் வேலை செய்து பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் அடிபிடி. விரலில் முள் குத்தினாலே மயங்கி விழுகிற ஹிமாயாகூட ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று நின்றாள். இன்ஷிரா மட்டும், “வீடு கட்டுற இடம்” என்றாள். பொறுப்பாக இருந்த றுமானா டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார். பிள்ளை மாறவில்லை.

வீட்டில் வாப்பாவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. வாப்பா றிபாஸ் பஸாரில் எல்லாத் துணிமணியும் விற்கிற புடவைக் கடை வைத்திருக்கிறார். பொன்னான மனிதர். அவருக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான். ஊர் கதைக்கும் என்ற பயம். யாராவது ஒருவர் ஒன்று சொல்லிவிடுவார் என்று தன் கடையில் விற்கிற நல்ல நிறச் சட்டையைக்கூடத் தான் போட மாட்டார்.

“டீச்சர் வேலையில என்ன குற?” என்றார். “பகலைக்கி வீட்ட வந்துரலாம். ஊர்ல ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்.”

“எனக்கு உயர்தரத்துல பொறியியல் தொழில்நுட்பம் படிக்கணும் வாப்பா. வீடு கட்டுறதுதான் எனக்கு விருப்பம். போய்ச் செஞ்சி பாத்தாத்தானே ஏலுமா ஏலாதா எண்டு தெரியும்.”

உம்மா கமீலா மகளுக்காகப் பேசினாள். ஆனால் அது நம்பிக்கையில் பேசிய பேச்சல்ல. “விடுங்களன். இந்தச் சுடுற கச்சான் காத்துலயும் வெயில்லயும் ரெண்டு நாள் நிண்டாத் தானா ஓடி வந்துருவா.”

வாப்பா நெடுநேரம் தாடியைத் தடவினார். “சரி, போ. ஆனா ஒண்டு. உன்னப் பத்தி ஊர்ல ஒரு கதை எண்ட காதுல விழுந்திச்சோ, அண்டைக்கே நிப்பாட்டுறது. பொறகு உயர்தரத்துக்குக் கலைப்பிரிவுதான், டீச்சர்தான். மறுகதை இல்ல.”

“ஓம் வாப்பா” என்றாள் இன்ஷிரா. கதை கட்டாமல் இரண்டு கிழமை இருப்பதென்பது இந்த ஊருக்கு நோன்பு பிடிப்பதைவிடக் கஷ்டம்.

சாய்ந்தமருதில் கடற்கரை வீதியில் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் இன்பாஸ் கட்டாரில் வேலை செய்கிறார். அவருடைய மகளுக்கு மூன்று வயது. அந்தக் குழந்தைக்கு இன்னும் தன் பெயரையே ஒழுங்காகச் சொல்ல வராது. ஆனால் மேல்மாடியில் மூன்று அறையும் கீழே பெரிய ஹோலும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. வேலைக்குப் பொறுப்பான இஞ்சினியர் ஸுஹைறா. பெண் இஞ்சினியர் என்பதால்தான் வாப்பா இந்த அளவுக்காவது தலையாட்டியிருந்தார்.

ஸுஹைறா முதல் நாளே பர்தாவுக்கு மேல் ஒரு மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்து, அளவு நாடாவைக் கையில் கொடுத்துவிட்டார். இன்ஷிரா அறை அறையாக அளந்தாள். மணல் அரித்தாள். இறுகிய புதுக் கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பாண்டிருப்பிலிருந்து வருகிற தம்பையா மேசன் ஒரு சின்னச் சுவரை அவளிடம் விட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் வைத்து முடித்தாள். தம்பையா வந்து தள்ளி நின்று பார்த்தார்.

“பிள்ள, இந்தச் செவர் ஆருக்கோ சலாம் போடுது” என்றார்.

உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டினாள். மூன்றாம் முறை சுவர் யாருக்கும் சலாம் போடாமல் நேராக நின்றது. உள்ளங்கை கொப்பளித்திருந்தது, முகம் கருத்திருந்தது. அவளுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. பரீட்சையில் அத்தனை பாடங்களும் சித்தியடைந்தாலும் இத்தனை சந்தோஷம் வருமா என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் வாய்க்கு அஞ்சி அவள் எடுக்காத கவனம் இல்லை. வழியில் யாரோடும் நின்று கதைப்பதில்லை. வேலையாட்கள் தேநீர் குடிக்கும்போது தான் தனியே மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்க் குடிப்பாள். ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் வேலை செய்கிறாள் என்று கதை வரும் என்றுதானே பயம்? அந்தக் கதை வரவே இல்லை. வீதியால் போனவர்களுக்கு வேலை செய்கிற பெண் கண்ணிலேயே படவில்லை. கட்டுகிற வீட்டுக்குள் ஒரு குமர்ப் பிள்ளை நின்று, யன்னல் இங்கே, குசினி அங்கே என்று கை நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது யாருடைய வீடு? இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

முதலாம் கிழமை முடியும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் இன்ஷிராவைப் பெருநாள் உடுப்பைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் வாப்பா சொன்னார்: “பக்கத்துக் கடைக்காரன் எனக்குக் கை தந்துட்டு, மாஷா அல்லாஹ், மேல்மாடியோடயா எண்டு கேக்கான். அவனுக்கு என்னமோ புடிச்சிட்டு.” உம்மாவும் சிரித்தாள். இன்ஷிரா நாளைய கொங்கிரீட்டை நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

இரண்டாம் கிழமை நடுவில் மருதமுனை சபியா உம்மா என்பவர் அந்த வீட்டு வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் குடை, வாயில் வெற்றிலை. பிஸ்மி சொல்லி வலது காலை வைத்து உள்ளே வந்தார். இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். ஆனால் வீடு நல்ல வீடாக இருந்தால், மாப்பிள்ளை வீட்டார் தாமே மணம் பிடித்துக்கொண்டு வருவதும் உண்டு. இன்ஷிராவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கட்டார்க்காரரின் சொந்தக்காரர்கள் அடிக்கடி வீடு பார்க்க வருவார்கள். ஸுஹைறா அன்று வேறு வேலைக்குப் போயிருந்ததால் தானே முன்னுக்கு வந்தாள்.

“நீதானே புடவைக் கடை றிபாஸ்ட மகள்?”

“ஓம் மாமி. வாங்க, ஆணி கிடக்கு, பாத்து வாங்க.”

சபியா உம்மா ஹோலின் நடுவில் நின்று நாலு பக்கமும் கண்ணால் அளந்தார். வட்டமாக உட்கார்ந்து ஒரு தட்டில் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் கணக்கில் அளக்கிற கண் அது. “இதுக்குள்ள கலியாணத்துக்கு எத்தின சஹன் வெய்க்கலாம்?”

இன்ஷிரா நாடாவை இழுத்துக் கணக்குப் பார்த்துச் சொன்னாள். சபியா உம்மாவுக்குப் போதவில்லை. குடையால் நடுத்தூணைத் தட்டினார்.

“இது என்னத்துக்கு இதுல நிக்கிது? இத எடுத்தா இன்னும் ரெண்டு சஹன் வெய்க்கலாமே.”

“தூண எடுக்க ஏலாது மாமி. மேல பீம் இதுலதான் இரிக்கி.”

“வேணும் எண்டா எடுக்கத்தான் வேணும். மாப்புள பக்கத்து ஆக்கள் எங்கயாம் இரிக்கிற?”

“மாப்புள பக்கத்து ஆக்கள் உயிரோட இரிக்கணும் எண்டா தூண் இரிக்கணும் மாமி.”

தம்பையா மேசன் சிரிப்பை அடக்க முடியாமல் சீமெந்துப் பையைத் தூக்குவதுபோலக் குனிந்துகொண்டார். சபியா உம்மா விடுவாரா? சின்னத் தூணாக ஆக்கு என்றார். சுவரோரமாகத் தள்ளு என்றார். தன் வீட்டில் தான் சொன்னால் மாமரமே தள்ளி நிற்கும் என்றார். அரை மணித்தியாலம் போனது. இன்ஷிரா ஒரு அங்குலமும் அசையவில்லை. கடைசியில் முன் விறாந்தைப் பக்கத்துச் சுவரில் மடிக்கிற கதவு போட்டால், கலியாண நாளில் அதைத் திறந்துவிட்டு அந்த இரண்டு சஹனையும் விறாந்தையில் வைக்கலாம் என்றாள். மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன் என்றும் சொன்னாள்.

சபியா உம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். “வாய் கொஞ்சம் பெரிசி” என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அதே ஓட்டோ இன்ஷிராவின் வீட்டு வாசலில் வந்து நின்றது. சபியா உம்மாவின் கையில் ஒரு பெரிய பெட்டி நிறையத் தொதல் பலகாரம். உம்மா கதிரை போட்டாள். வாப்பா சாரனைச் சரிப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஷிரா அறை வாசலில் திரையாகத் தொங்கிய சேலைக்குப் பின்னால் நின்றாள்.

“புள்ளயப் பாத்தாச்சி, வீட்டயும் பாத்தாச்சி” என்று ஆரம்பித்தார் சபியா உம்மா. “எண்ட மகன் கெம்பஸ்ல படிக்கான். அவசரம் ஒண்டும் இல்ல. உங்கட புள்ளயும் படிச்சி முடிக்கட்டும், வயசும் வரட்டும். கதைய மட்டும் இப்ப வெச்சிக்குவம். நல்ல வீடு நெடுக நிக்காதே.”

“எந்த வீடு?” என்றார் வாப்பா.

“கடற்கரை றோட்டு மாடி வீடுதான். ஊரே கதைக்கி. மகளுக்கு வீடு கட்டுறத ஒளிச்சா கட்டுற நீங்க?”

வாப்பாவுக்கு முகம் செத்துப் போனது. பஸாரில் கை கொடுத்தவன், பள்ளிவாசலில் தோளில் தட்டியவன் எல்லோரும் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருப்பார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது எங்கட வீடு இல்ல ராத்தா. எண்ட புள்ளைக்கு நான் இன்னும் ஒரு கல்லும் வெய்க்கல்ல. ஒரு வெறும் வளவுதான் இரிக்கி. அதுக்கும் வேலி இல்ல.”

சேலைக்குப் பின்னால் இன்ஷிராவுக்கு எல்லாம் கேட்டது. தன்னைப் பற்றிக் கதை வந்துவிட்டதே என்ற கவலைகூட அப்போது இல்லை. வாப்பா இப்படித் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. தன்னால்தான் இது என்று அழுகை வந்தது. விறுக்கென்று வெளியே வந்தாள்.

“மாமி, அது கட்டார்ல இருக்கிற ஒருத்தர்ட வீடு. நான் அங்க வேல பழகுறன். பள்ளிக்கூடத்தால அனுப்பின. நீங்க அவங்கட ஆள் எண்டுதான் நான் நெனச்ச.”

“வேலையா? நீயா?” சபியா உம்மாவுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. “அப்ப ஆர்டயோ வீட்டுத் தூணுக்கா எனக்கிட்ட அர மணித்தியாலம் மல்லுக்கட்டின?”

“ஆர்ட வீடா இருந்தாலும் தூண எடுத்தா விழத்தானே செய்யும் மாமி.”

உம்மா தேநீர்க் கோப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். சபியா உம்மா எழும்பிப் போவார் என்று பார்த்தால், கதிரையை வாப்பா பக்கம் இழுத்துப் போட்டார்.

“போன வருஷம் எண்ட மகள்ட கலியாணத்துக்கு இடம் காணாது எண்டு ஹோல்ல ஒரு தூண எடுக்கச் சென்ன. மேசனும் ஓம் எண்டான். எண்ட தம்பியும் ஓம் எண்டான். நான் செல்லி மறுக்கிற ஆளே இல்ல. இப்ப அறக் கதவு பூட்டுதில்ல, செவர்ல கை போற அளவுக்கு வெடிப்பு. மகள் பயந்து பயந்து படுக்கா.” அவருடைய குரல் இறங்கிப் போனது. “ஏலாது எண்டு எனக்கிட்டச் சென்ன மொத ஆள் இவதான். புள்ள, நீ வந்து அதப் பாப்பியா?”

“எனக்கு அதெல்லாம் தெரியா மாமி. நான் இப்பதான் பழகுறன். ஸுஹைறா மேடத்தக் கூட்டிட்டு வாறன். அது வரைக்கும் அந்த அறையில ஒருத்தரையும் படுக்க விடாதீங்க.”

சபியா உம்மா எழும்பினார். தொதல் பெட்டியைப் பார்த்தார். கொண்டுவந்த காரியம் நடக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோவதும் அழகில்லை. “அது இரிக்கட்டும்” என்றார். “கலியாணத்துக்கு இல்ல. செவருக்கு.”

ஓட்டோ போன பிறகு வாப்பா தொதலைப் பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று இன்ஷிரா பக்கத்தில் போனாள்.

“கதை வந்துட்டு வாப்பா. நாளையிலிருந்து போகல்ல.”

வாப்பா இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அன்றிரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் வாசலில் மோட்டார் சைக்கிள் இரைந்தது. வாப்பா அதன்மேல் இருந்துகொண்டு, “நேரம் போகுது, ஏறு” என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

சந்தித் தேநீர்க் கடையில் காலைக் கூட்டம் நிறைந்திருந்தது. மீன் வியாபாரி ஒருவர் எட்டிக் கூப்பிட்டார். “றிபாஸ் காக்கா! மகளுக்குக் கடற்கரை றோட்டுல மாடி வீடு கட்டுறீங்களாமே!”

வாப்பா நடு வீதியில் வண்டியை நிறுத்தினார். இன்ஷிரா கண்ணை மூடிக்கொண்டாள். வீதியில் நின்று சத்தம் போட்டுப் பேசியே பழக்கமில்லாத மனிதர், அந்தக் கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“அது ஆர்டயோ வீடு. கட்டுறதுதான் எண்ட மகள்!”

வண்டி மறுபடியும் ஓடத் தொடங்கியது. பள்ளிவாசலைத் தாண்டும்வரை, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வாப்பா அதையே சொல்லிக்கொண்டு போனார். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் ஒன்றும் விளங்காமலே ஸலாம் சொன்னார். இன்ஷிரா பின்னாலிருந்து அவர் காதுப் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப உயர்தரத்துக்கு என்ன படிக்கிற வாப்பா?”

“என்ன கேள்வி இது? ஊருக்கே செல்லியாச்சி” என்றார் வாப்பா. “இனி நீ டீச்சரானா எனக்குத்தான் வெக்கம்.”