கடற்கரையில் ஒரு கதவு

கட்டடக்கலை என்பது காலத்தின் மீது மனிதகுலம் போடும் கையெழுத்து. டாஸ்மேனியாவின் வடகரையில் இருக்கும் எங்கள் சிற்றூருக்கு அந்தக் கையெழுத்து ஒரு பொதுக் கழிப்பறையாக வந்து வாய்த்தது.

கட்டப்போவதைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் படம் செய்து தருவது என் பிழைப்பு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நகர மன்றத்தில் படம் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இனி இந்த வேலையெல்லாம் பெரிய நகரமான லான்செஸ்டன்காரர்களுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமையே கட்டடக்கலைஞர் ஃபெர்கஸ் ட்ரெவீனுக்குப் பட்டியல் அனுப்பினேன்: அளவுகளோடு வரைபடம், சுவருக்கும் கூரைக்கும் என்ன பொருள், வடக்கு எந்தப் பக்கம், கதவு எப்படி. பதிலுக்குக் காற்றைப் பற்றி ஒரு கவிதை வந்தது. செவ்வாயன்று தபாலில் ஒரு சிப்பி. 'இதுதான் நிறம்' என்று சீட்டு. சிப்பிக்குள் சதை கொஞ்சம் மிச்சமிருந்தது.

புதன்கிழமை போன் போட்டேன்.

"ஃபெர்கஸ், கூரை தகரமா, ஓடா?"

"கூரைன்னு சொல்லாதீங்க மார்னி. அது வானத்துக்கு முன்னாடி ஒரு தயக்கம்."

"சரி, தயக்கம் எத்தனை மில்லிமீட்டர் கனம்?"

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"வடக்காவது சொல்லுங்க. வெயில் எங்கேருந்து விழுதுன்னு தெரியணும்."

"அந்த இடமே உங்ககிட்ட சொல்லும்."

"இடம் எனக்கு மெயில் அனுப்பல, ஃபெர்கஸ்."

வியாழக்கிழமை மாலை வரைபடம் வந்தது. கோப்பின் பெயர் 'கடைசி'. அரை மணியில் 'உண்மையான கடைசி'. இரண்டிலும் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

வெள்ளி காலை மறுபடி கேட்டேன். "கதவோட இன்னும் பேசிட்டுதான் இருக்கேன்" என்றார்.

அது பேசி முடிக்கும்வரை மன்றம் காத்திருக்காது. மதியம் ஒன்றரைக்கு, எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவைச் சாத்தி போனில் படம் எடுத்து, ஓட்டையில் பொருத்தினேன். கதவின் நீலம் சிப்பியின் நிறத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. படத்தை இன்னொரு முறை சரிபார்க்க நேரமில்லை.

மன்றத் திரையில் படம் சுவர் முழுக்க விரிந்தது. "நிலமும் கடலும் அந்தரங்கமாச் சந்திக்கிற வாசல் இது" என்றார் ஃபெர்கஸ். ஏழு உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். இனிமேல் மன்றத்தின் படங்கள் எல்லாம் எனக்கே என்று மேயர் அறிவித்தார். நான் அந்த வாரத்திலேயே முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிளம்பர் கெவ் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவரும் உறுப்பினர்தான்.

"ஏம்மா மார்னி, அந்தக் கதவுல ஏதோ சீட்டு ஒட்டியிருக்கே. கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டு."

நான் அசையவில்லை. மேயரே பெரிதாக்கினார்.

என் கணவரின் கையெழுத்து. 'மார்னி, தயவுசெய்து ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணவும்.'