மிச்சமான தண்ணீர்

அந்த ஒரு வாக்கியத்தைச் சண்முகப்பிரியா எட்டுத் தடவை மாற்றி எழுதினாள். கடைசியில் நின்றது இது: 'இந்தத் துண்டை இன்னொரு நாளும் பயன்படுத்துங்கள். கீழே ஓடும் ஓடை உங்களால் நிறையும்.' சின்னப் பச்சை அட்டையில் அச்சடித்து, விடுதியின் நாற்பத்திரண்டு அறைகளிலும் குளியலறைக் கம்பிக்குப் பக்கத்தில் அவளே போய் ஒட்டினாள்.

அவளுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். "அதைப் படிச்சா என்ன வேலைக்குப் போவாங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பெருமாள்மலைக்கு அந்தப் பக்கம் இருந்த இந்த விடுதியில் வேலை கிடைத்தது. தண்ணீர், மின்சாரம், குப்பையைக் குறைக்கிற அந்த வேலைக்குச் சஸ்டெயினபிலிட்டி எக்ஸிகியூடிவ் என்று பெயர். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. 'பச்சை மேடம்' என்று வைத்துவிட்டார்கள்.

விடுதிக்குக் கீழே சரிவில் நாற்பது வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டின் முன்னறையில்தான் பிரியா வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரி கந்தம்மாள் அதே விடுதியில் லாண்டரியில் வேலை பார்த்தாள். ஒன்பது வருஷமாகப் பெட்ஷீட்டும் டவலும் துவைத்து, காயவைத்து, மடித்த கை. மார்ச் மாதம் வந்தால் சரிவுக்குக் கீழே ஓடுகிற ஓடை நூல் மாதிரி இளைத்துவிடும். ஓடைக் கரைக் கிணற்றிலிருந்து தினமும் நாலு டாங்கர் தண்ணீர் விடுதிக்கு ஏறும். கந்தம்மாளும் மற்ற பெண்களும் குடத்தோடு ஊற்றடியில் உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனதால்தான் பிரியாவுக்கு அந்த அட்டை தோன்றியது.

அட்டை பலித்தது. ஒரே மாதத்தில் லாண்டரிக்கு வரும் துணி பாதிக்குக் கீழே போனது. மீட்டரைப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. ஒரு நாளைக்கு ஆறாயிரம் லிட்டர் மிச்சம். சம்பளம் வந்த நாளைவிட அன்றைக்கு அதிகச் சந்தோஷப்பட்டாள்.

மேனேஜர் மனோஜ்குமார் காலைக் கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கைதட்டியவர்களில் கந்தம்மாளும் இருந்தாள். அன்று சாயங்காலம் லாண்டரியில் இருந்த ஆறு பேரில் நாலு பேரைக் கூப்பிட்டு, மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்கள். கந்தம்மாள் அந்த நாலு பேரில் ஒருத்தி.

பிரியாவுக்கு விஷயம் தெரிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். கந்தம்மாள் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னக்கா, மேலுக்குச் சொகமில்லையா?"

"மேலுக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன். நாளையில இருந்து வெள்ளனே எந்திரிக்க வேண்டிய சோலியும் இல்ல."

நாலு பேரை நிறுத்தியதை அவள் சொல்லி முடித்ததும் பிரியா தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. தண்ணி மிச்சமாகணும்னுதான்..."

"தண்ணி மிச்சமாச்சுல்ல? அது வரைக்கும் நல்லதுதான். நீ அந்த அட்டைய ஒட்டுனப்ப ஒரு வார்த்த எங்கள்ட்ட கேட்டியா? துணி கொறஞ்சா ஆளு கொறையும்னு எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே தெரியுதே, பிள்ள."

பிரியாவுக்கு நிஜமாகவே அது தோன்றவில்லை. லிட்டர், யூனிட், கிலோ என்று எல்லாவற்றையும் அளந்தவள், துவைக்கிற ஆளை அந்தப் பட்டியலில் எங்கேயும் எழுதவில்லை.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் அறைக்குப் போனாள். இரவு முழுக்க யோசித்து ஒரு திட்டம் வைத்திருந்தாள். விடுதியில் குப்பை பிரிக்க ஆள் இல்லை. சமையலறைக் கழிவு மூட்டை கட்டி மலைக்குக் கீழே போகிறது. அந்த நாலு பேருக்கும் உரக்குழி வேலையைக் கொடுத்தால் குப்பை போகிற லாரியும் குறையும், அவர்களுக்கும் வேலை இருக்கும்.

மனோஜ்குமார் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர்.

"நல்ல ஐடியா பிரியா. ஆனா சென்னையில ஓனர் ஒத்துக்க மாட்டாருங்க. ஆள் குறைஞ்சதைத்தான் அவரு சேவிங்ஸ்னு பாக்குறாரு. அதைத் திருப்பிப் போடச் சொன்னா என் சீட்டே போயிரும்."

"அப்ப டாங்கராவது குறைங்க சார். ஆறாயிரம் லிட்டர்னா ஒரு லோடு. நாலு வர்றதுக்கு மூணு வந்தா போதும். கீழ குடிக்கத் தண்ணி கிடைக்கும்."

மனோஜ்குமார் ஜன்னல் பக்கம் திரும்பினார். புல்வெளி ஓரத்தில் கொத்தனார்கள் சிமெண்டுத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே இரும்புக் குழாய்கள், அதில் வரிசையாகத் துவாரங்கள்.

"சம்மர் சீசனுக்கு ரெயின் டான்ஸ் போடுறோம். அந்த ஒரு லோடு அதுக்குப் போயிரும்."

ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீர் குழாயில் ஏறி, பாட்டுச் சத்தத்தோடு டூரிஸ்டுகளின் தலையில் மழையாகப் பெய்யப்போகிறது. பிரியா அந்தத் தரையைப் பார்த்தபடியே நின்றாள். சத்தம் போட்டுத் திட்ட வேண்டும் என்று வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரலில் பசுமைச் சான்றிதழ் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் டேப்லெட். பிரியாதான் சுற்றிக் காட்ட வேண்டும். இவரிடம் சொன்னால் நடக்கும் என்று அவள் ஒரு வாரமாகக் காத்திருந்தாள்.

"லாண்டரித் தண்ணி, ரூமுக்கு எத்தன லிட்டர்?"

சொன்னாள்.

"எக்ஸலண்ட்! போன வருஷத்துல பாதி."

"சார், ஆனா டாங்கர் குறையல. நாலு வந்தது, இப்பவும் நாலுதான் வருது. மிச்சமானதெல்லாம் அங்க போகுது." ரெயின் டான்ஸ் மேடையைக் காட்டினாள்.

அவர் விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அது ரிக்ரியேஷன்ல வரும். அதுக்கு எங்க ஃபார்ம்ல கட்டம் இல்லைங்க."

"நாலு பேருக்கு வேலை போயிருச்சு சார்."

"அது சோஷியல். அது வேற சர்டிபிகேட்." மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். "நீங்க சொல்றது புரியுது மேடம். நான் இதுல இருக்கறதைத்தான் டிக் பண்ண முடியும்."

சாப்பிட்டுவிட்டு, மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார். விடுதியின் இறுதி அறிக்கையை மே மாதம் அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தார்.

அதற்குள் இன்னொன்று நடந்தது. மிச்சமிருந்த இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு லாண்டரியையே மூடினார்கள். அந்த இடத்தில் மசாஜ் அறை வந்தது. துணி மூட்டைகளை ஏற்றிப் போக ஒரு சின்ன வேன் வர ஆரம்பித்தது. எங்கே போகிறது என்று பிரியா கேட்டதற்கு, "டவுனுக்கு" என்று மட்டும் சொன்னார்கள்.

கந்தம்மாளுக்கும் டவுனில்தான் வேலை கிடைத்திருந்தது. மூஞ்சிக்கல் பக்கம் பத்துப் பன்னிரண்டு ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற ஒரு லாண்டரி. காலை ஆறு மணி பஸ்ஸில் போய் இருட்டுகிற நேரத்தில் வருவாள். சம்பளம் முன்னைவிடக் குறைச்சல், பஸ் செலவு அவளுடையது. ஒருநாள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இன்னைக்கு யாரு வீட்டுத் துணி வெளுத்தேன் தெரியுமா? ஒங்க டவலு. மூலையில பச்சை எலை போட்டிருக்குல்ல, அதேதான். ஒம்போது வருசம் கையால தடவுனது, மறந்துருமா?"

அடுத்த விடுமுறை நாளில் பிரியா அவளோடு பஸ் ஏறினாள். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பதினாலு பெண்கள், நாலு பெரிய மிஷின். பின்பக்கம் ஒரு குழாய் வழியாக வெள்ளை நுரை புஸ்ஸென்று வெளியே வந்து, கல்லில் மோதி, பள்ளத்தில் இறங்கி, கீழே அதே ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விடுதியிலாவது துவைத்த தண்ணீர் மூன்று வடிகட்டுத் தொட்டி தாண்டித் தோட்டத்துக்குப் போனது. இங்கே அதுவும் இல்லை. தன் அட்டையால் ஓடைக்கு நடந்தது இதுதான்.

திங்கட்கிழமை மனோஜ்குமார் இறுதி அறிக்கையை நீட்டினார். லாண்டரித் தண்ணீர் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தது.

"இது பொய் சார்."

"பொய் இல்லைங்க. நம்ம கேம்பஸ்ல ஒரு சொட்டு செலவாகல. கோல்டு சர்டிபிகேட் கிடைக்கப்போகுது, அதுவும் உங்களாலதான். இங்க ஒரு சைன் போடுங்க."

பிரியா பேனாவை வாங்கிப் பூஜ்யத்தை அடித்தாள். மூஞ்சிக்கல்லில் விசாரித்து வந்த அளவை எழுதினாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். மனோஜ்குமார் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார். கோபமாக இல்லை, களைப்பாக.

"புதுசா ஒண்ணு பிரிண்ட் எடுக்குறேன். சைன் போட முடியாதுன்னா நாளையில இருந்து வராதீங்க. நானே போட்டுக்கிறேன்."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். சரிவில் இறங்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கந்தம்மாள் அதையும் விட்டுவைக்கவில்லை.

"வேலைய விட்டுட்டு வந்து நின்னா ஓடையில தண்ணி வந்துருமா? உள்ளுக்குள்ள இருந்து கேக்க ஒரு ஆளு இருந்தே. இப்ப அதுவும் போச்சு. ரோசப்பட ஒங்களுக்கெல்லாம் வசதி இருக்கு, பாத்துக்க."

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியாக்கா?"

"நான் எங்க சொன்னேன்? எனக்கு ஒண்ணும் தெரியல பிள்ள. எரிச்சலா வருது, அம்புட்டுத்தான்."

இரண்டு பேருக்கும் ஒரே எரிச்சல்தான். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள்.

பாலசமுத்திரத்துக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. நாலு நாள் கழித்துப் பிரியா லாண்டரி முதலாளி தண்டாயுதபாணியைப் போய்ப் பார்த்தாள். பழனிக்காரர், அவளுக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஊர்ப்பேச்சில் நன்றாகவே பேசினார். நுரைத் தண்ணீரை வடிகட்ட மூன்று தொட்டி கட்டலாம், படம் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றாள் பிரியா.

"கட்டலாம் தாயி. நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா ஹோட்டல்காரன் ஒரு பைசா ஏத்தித் தர மாட்டான். தொட்டிக்குக் கடன் வாங்குனா ரெண்டு வருசத்துக்கு மூணு ஆள நிறுத்தணும். இந்தப் பதினாலுல எந்த மூணுன்னு நீயே சொல்லிரு."

முன்பு இருந்த பிரியாவாக இருந்தால் படத்தை மேஜைமேல் விரித்திருப்பாள். இப்போது அதைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். நுரை எங்கே போகிறது, யார் வீட்டுக் குடத்துக்குப் போகிறது, தொட்டி கட்டினால் என்ன ஆகும், மூன்று பேர் விஷயம் என்ன என்று எதையும் மறைக்காமல் சொன்னாள்.

ரபியா என்கிற பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுடைய பத்து விரலிலும் சோப்பு அரித்த புண்.

"தண்ணி கெட்டுப்போறது எங்களுக்குத் தெரியாதாம்மா? இந்தக் கையப் பாரு. ஆனா மூணு பேருன்னா, கடைசியா வந்த மூணு பேரு. நானு, கந்தம்மாக்கா, அன்னக்கொடி. என் பிள்ளைக்கு ஜூன்ல பீஸ் கட்டணும். இப்ப வேணாம்."

பிரியா கந்தம்மாளைப் பார்த்தாள். தன் வீட்டுக்குக் கீழே இளைத்துப்போன ஓடையில் குடத்தோடு காத்துக் கிடந்தவள் தூக்குவாளியை மூடினாள்.

"எனக்கும் வேணாம்" என்றாள். "கேட்டியே, அது போதும். ஆனா வேணாம்."

கை தூக்கச் சொல்லாமலே முடிவாகிவிட்டது. தொட்டி வேண்டும் என்று சொன்னவள் ஒரே ஒருத்தி. அவளுக்கு அந்த வருஷம் வேலையை விட்டுப் போகிற யோசனை இருந்தது.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தண்டாயுதபாணி வெளியே வந்து, குழாய் வாயில் ஒரு கம்பி வலை வேண்டுமானால் கட்டிக்கொள்ளட்டும், அதற்குச் செலவு இல்லை என்றார். வலை நூல் பிசிறைப் பிடிக்கும், சோப்பை விட்டுவிடும் என்று பிரியாவுக்குத் தெரியும். இருந்தும் பஜாருக்குப் போய் வலை வாங்கி வந்தாள். முழங்கால் வரை நனைந்து அதைக் கட்டும்போது கட்டுக்கம்பி விரலைக் கிழித்தது. நுரை வலைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் முன்னைப் போலவே வெள்ளையாக வந்தது. அவள் வாய்விட்டுத் திட்டினாள், யாரை என்று இல்லாமல்.

"நாளைக்கும் வருவியா?" என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கந்தம்மாள் கத்திக் கேட்டாள்.

"தெரியலக்கா!"